வெர்பினாவில் எல்லைக்கல் நட இடம் கிடைக்காத கதை

வெர்பினா நகரத்தில் எந்தப் பொருளுக்கும் ஓரம் இல்லாமல் போனது ஒரு சந்தை நாளில், முட்டைக்கோஸ் விற்றுத் தீர்வதற்குள். பழைய பேரரசைத் துண்டு போட்டுப் போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் பங்கு பிரித்துக்கொண்டிருந்த கோடை அது. நிழலில் நின்றவர்கள் முழுக்க நிழலில் நின்றார்கள், வெயிலில் நின்றவர்கள் முழுக்க வெயிலில். ஆற்றில் இறங்கிய மாடு தண்ணீரில் இருந்தது, ஏறிய மாடு புல்லில் இருந்தது; கரை என்று குளம்பு வைக்க ஓர் இடம் அதற்குக் கிடைக்கவில்லை. வாசற்படியில் நின்று ஊர்வம்பு பேசியவர்கள் உள்ளே போவதா தெருவில் நிற்பதா என்று முடிவெடுக்க வேண்டிவந்தது. ஒரு வாரம் முனகினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்த ஸ்டெஃபானியா வில்க்குக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. லிவூஃப் நகரத்தில் அவள் முனைவர் பட்டத்துக்கு எழுதியதே, ஒன்றையொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும் புள்ளிகளைப் பற்றித்தான். அப்படிப்பட்ட இடத்தில் எந்தப் புள்ளிக்கூட்டத்துக்கும் எல்லை கிடையாது என்று இரண்டே வரியில் நிரூபித்திருந்தாள். பெண் என்பதால் பல்கலைக்கழகம் வேலை தரவில்லை. ஓரம் போனதில் அவளுக்கு வருத்தம் வேறு வழியாக வந்தது. எதிர்ச்சாரியில் ரொட்டிக்கடை வைத்திருந்த செக் நாட்டுக்காரர் யின்ட்ரிக் பல வருடங்களாகத் தினமும் கறுப்பு ரொட்டி கொண்டுவந்து, அவள் வாசற்படியில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்று, மழையைப் பற்றிப் பேசி, வேறு ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டுப் போவார். படி என்று நிற்க இடமில்லாமல் போன பிறகு அவர் தெருவிலேயே நின்றார். ரொட்டியை ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

இலையுதிர் காலத்தில் எல்லைக் குழு வந்து சேர்ந்தது. சந்தைத் தெருவின் நடுவே கோடு போட்டு, இந்தச் சாரியைப் போலந்துக்கும் அந்தச் சாரியைச் செக் நாட்டுக்கும் கொடுப்பதாக ஏற்பாடு. சிப்பாய்கள் கல் நட்டார்கள். ஒவ்வொரு கல்லும் முழுசாகப் போலந்தில் நின்றது, அல்லது முழுசாகச் செக் நாட்டில். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுகூட நிற்கவில்லை. குழுத் தலைவர் மேஜர் ஓர்செகா கல்லைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டுப் பார்த்துக் களைத்து, ஸ்டெஃபானியாவைத் தேடி வந்தார்.

"டாக்டரம்மா, எல்லை எங்கதான் போச்சு?"

"ஒரு இடத்தை எல்லைன்னு சொல்லணும்னா, அதைச் சுத்தி எவ்வளவு சின்னதா வளைச்சாலும் ரெண்டு தரப்பும் உள்ள மாட்டணும் மேஜர். இங்க ஒவ்வொரு இடத்தையும் தனியாவே வளைச்சுட முடியுது. அதுக்குள்ள இன்னொருத்தருக்கு ஏது இடம்?"

மேஜர் யோசித்தார். தெரு நடுவில் கோடு இருக்கிறது என்று அவள் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். கிராகூஃப் பல்கலைக்கழகத்தில் தன் மைத்துனன் பெரிய பதவியில் இருப்பதாகவும், அங்கே அவளுக்கு வேலை வாங்கித் தருவான் என்றும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நாளைக் காலையில் பதில் சொல்வதாக ஸ்டெஃபானியா அவரை அனுப்பிவைத்தாள். அந்த வேலை அவளுக்கு உண்மையிலேயே வேண்டியிருந்தது.

செய்தி அன்று சாயங்காலத்துக்குள் ரொட்டிக்கடைக்குப் போய்விட்டது. யின்ட்ரிக் கையில் ரொட்டி இல்லாமல் வந்தார்.

"கிராகூஃப் போறீங்களாமே?"

"யோசிச்சிட்டிருக்கேன்."

"நல்ல ஊருதான். மழை கொஞ்சம் ஜாஸ்தி."

"மழையைப் பத்திக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு, யின்ட்ரிக். உள்ள வாங்க, இல்ல வீட்டுக்குப் போங்க. நடுவுல நிக்க எடம் இல்லைன்னு ஊருக்கே தெரியும்."

அவர் தெருவில் இருந்தார். பிறகு வீட்டுக்குள் இருந்தார். வந்தது எப்படி என்று அவருக்கே தெரியவில்லை, தொப்பியைக் கழற்றவும் மறந்திருந்தார். "கட்டிக்கிறீங்களா?" என்றார். இத்தனை வருடம் அவர் வாயில் கிடந்த சொல் அது. அவள் சரி என்றாள்.

மறுநாள் காலை மேஜரிடம், இல்லாததை இருப்பதாக எழுதித் தர முடியாது என்றாள். பிறகு பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தினாள். எல்லைக் குழு கற்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. வரைபடத்தில் வெர்பினாவுக்கு இரண்டு நிறம் கொடுத்தார்கள், இடையில் கோடு கிடையாது. காவலுக்கு வந்த சிப்பாய் நிற்க இடம் தேடிச் சலித்து, கடைசியில் யின்ட்ரிக்கின் கடையில் மாவு பிசைய உட்கார்ந்தான்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் போலந்துக்காரி, அவர் செக் நாட்டுக்காரர். ஒரே கட்டிலில் படுத்தார்கள், யாரும் அனுமதிச்சீட்டு கேட்கவில்லை. அடுத்த வருடம் மகள் பிறந்தாள். ஞானஸ்நானத்தன்று பாதிரியார், குழந்தை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"அவ அவளோட பக்கம்," என்றாள் ஸ்டெஃபானியா.

பாதிரியார் தலையாட்டிவிட்டுக் குழந்தையின் நெற்றியில் தண்ணீர் ஊற்றினார்.