அர்ச்சுனனின் முதுகும் ஓர் ஆய்வும்

சிரம்பானில் இருந்த அந்தக் கல்லூரி நூலகத்தின் நாற்காலிகள் எல்லாம் மெத்தை வைத்தவை. அர்ச்சுனன் அதில் ஒன்றின் விளிம்பில், ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டு அரைகுறையாக உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சுரீரென்று இழுக்கும். தம்பின் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஆயுசில் பாதியை, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியே கழித்த முதுகு அது. நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடியே இழுத்து இழுத்து வெட்ட வேண்டும். போன தீபாவளிக்குப் பிறகு அவரால் கம்பைத் தூக்க முடியவில்லை, வேலையும் போய்விட்டது.

அவர் மனைவி பஞ்சாலை அதே நூலகத்தில் கூட்டித் துடைக்கிறவள். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அவர் பக்கம் வந்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம். மிஸ் எப்ப வருவாங்க?"

"மீட்டிங்ல இருக்காங்க. இன்னைக்குத் திறந்துடும்னு சொல்லிட்டாங்க லா. பதறாம உக்காருங்க."

திறக்க வேண்டியது ஓர் ஆய்வுக் கட்டுரை. முதுகு வேலையால்தான் கெட்டது என்று காட்டினால்தான் அர்ச்சுனனுக்கு உதவித்தொகை. மருத்துவக் குழு முதல் தடவை, வயதானால் வருவதுதான் என்று எழுதிக் கைகழுவிவிட்டது. வெள்ளிக்கிழமை மேல்முறையீடு. அதுவும் போனால் அப்புறம் கேட்க இடமில்லை.

மிஸ் என்றது நூலகர் தர்மினியை. 'ஆய்வு எல்லாருக்கும்' என்று அவள் வாசலில் பதாகை கட்டிய அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பஞ்சாலைதான்.

"எங்க தோட்டத்துக்கும் ஆராய்ச்சி பண்ண வந்தாங்க மிஸ். இவரு முதுகுல என்னமோ பெட்டி கட்டி விட்டாங்க. அதுவும் எல்லாருக்குமா?" என்று அன்று கேட்டாள்.

தர்மினி தேடிப் பார்த்தாள், கிடைத்தது. குலை வெட்டுகிறவர்களின் முதுகெலும்பில் ஏறும் சுமை பற்றியது. சுருக்கம் மட்டும் தெரிந்தது. அதில் இருந்த சுமையின் அளவே அவளைத் திடுக்கிட வைத்தது. மீதியெல்லாம் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும். அந்த ஆய்விதழை வாங்க நூலகத்துக்கு வசதியில்லை. முதுகைக் கொடுத்தவருக்கே படிக்க வழியில்லையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதியவர் இதே கல்லூரிப் பேராசிரியர்தான். தன் பிரதியை நூலகத் தளத்தில் வைக்க அவருக்கு உரிமை உண்டு, மனம்தான் இல்லை. தர்மினி விடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் அர்ச்சுனன் கதையைச் சொன்னாள். ஆசிரியர்கள் எல்லாரும் தங்கள் ஆய்வைத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று கடைசியில் விதியே வந்துவிட்டது.

இப்போது கதவைத் தள்ளிக்கொண்டு தர்மினி கிட்டத்தட்ட ஓடியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"திறந்தாச்சு அங்கிள். இனிமே யாரு வேணும்னாலும் ஃப்ரீயா படிக்கலாம். மீட்டிங்ல இருந்தே மருத்துவக் குழுவுக்கு லிங்க் அனுப்பிட்டேன்."

அர்ச்சுனன் கும்பிட்டார். தர்மினி கணினியைத் திருப்பி வைத்து, படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"சுமை அளவுக்கு மேலன்னு போட்டிருக்கு. நல்லா இருக்கு. அப்புறம்…"

நிறுத்திவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது.

"என்ன மிஸ்?"

"வலி இருக்கான்னு கேட்டிருக்காங்க. ஒருத்தர்கூட இருக்குன்னு சொல்லல. அதனால இவங்க உடம்பு இந்தச் சுமைக்குப் பழகிப்போச்சு, வேலையால நோவு வருதுன்னு சொல்ல ஆதாரம் இல்லன்னு முடிச்சிருக்காங்க."

பஞ்சாலை அர்ச்சுனன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க சொன்னீங்க அவங்ககிட்ட?"

"ஓக்கே லான்னு சொன்னேன்."

"அன்னைக்குக் காலையில கைய தூக்க முடியாம, சட்டைய நான்தானே மாட்டி விட்டேன்."

"எங்கள வேலை வாங்குற மண்டோர் மணியம் பக்கத்துலயே நின்னான் பஞ்சாலை. வலின்னு சொல்றவன் நாளைக்கு உதிரிப் பழம் பொறுக்கப் போலாம்னு காலையில ஆள் கணக்கெடுக்குற பிரட்டுலயே சொல்லிட்டான். பொறுக்குற கூலியில வீடு ஓடுமா? எல்லாருந்தான் ஓக்கே லான்னோம்."

"படிச்சிட்டு அனுப்பியிருக்கணும்," என்றாள் தர்மினி. "ஐயோ, சுருக்கத்த மட்டும் நம்பி அனுப்பிட்டேனே."

"திரும்ப வாங்க முடியாதா மிஸ்?" என்றாள் பஞ்சாலை.

தர்மினி அஞ்சல் பெட்டியைத் திறந்தாள். மருத்துவக் குழுவின் பதில் வந்திருந்தது. இணைப்புக்கு நன்றி, கோப்பில் சேர்த்துவிட்டோம்.

பஞ்சாலைதான் கட்டுரையின் பக்கத்தைக் கீழே நகர்த்தச் சொன்னாள். அங்கே ஒரு படம் இருந்தது. முதுகில் பெட்டி, கையில் கம்பு. அது அர்ச்சுனன்தான். ஆள் அடையாளம் தெரியக் கூடாதென்று கண்களின் மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோளை ஒரு கை அழுத்திப் பிடித்திருந்தது. அந்தக் கைக்காரனை மட்டும் படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள்.