மீன் கழுவின தண்ணி

யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையில் குருநகரை விட்டு ஓடிவந்த யசிந்தாவுக்கு, உரும்பிராயில் பஞ்சலிங்கத்தார் வீட்டுப் பின்பக்கம் கிடைத்ததே பெரிய காரியம். மனிசி மீனாம்பிகை செத்தபிறகு தனிக்கட்டையாய் இருந்தவர்; மீன், மச்சம் வாயில் வைக்காத சைவக்காரர். ஒரேயொரு கண்டிப்புத்தான்: மீனைக் கொட்டிலில் சமைக்கவேண்டும், கழுவிய தண்ணீரை வளவின் கடைசித் தொங்கலில் நிற்கும் வாழையடியில் ஊற்றவேண்டும்.

கிணற்றில் அள்ளி, விறகு பொறுக்கி, மூன்று பிள்ளைகளையும் குளிக்கவார்த்து, ஹெலி சுட வந்தால் அவர்களை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடி... அதற்குமேல் வாழையடி மட்டும் நடக்க ஆரால் ஏலும்? விறாந்தை மூலையில் ஒரு பூச்சாடி. தேங்காய்த் தும்புக்கு நடுவே கறுத்த கட்டை.

"உது மீனாம்பிகை வைச்ச ஏதோ சேம்பு, பிள்ளை. பட்டுப்போச்சு" என்று முதல்நாளே சொல்லியிருந்தார். பட்டுப்போனதுக்கு என்ன நோகப்போகிறது? புருசன் சிமியோன் நேவிக்குத் தெரியாமல் கரையோரம் களவாய் வலைவீசிக் கொண்டுவந்த சூடைமீனைக் கழுவி, தண்ணீரைச் சாடிக்குள் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்தாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

ஒருநாள் காலை பஞ்சலிங்கத்தார் சாடிக்கு முன்னால் குந்தியிருந்தார். கட்டையிலிருந்து செந்தளிர் ஒன்று சுருள் விரித்திருந்தது.

"பிள்ளை, என்ன ஊத்தினனீ?"

கிணற்றுத் தண்ணி என்று சொல்லித் தப்பலாம். உண்மையைச் சொன்னால் மூட்டைமுடிச்சோடு றோட்டில்தான் நிற்கவேண்டும். கோயில் மண்டபம், பள்ளிக்கூடம் எல்லாம் அகதிச்சனம். ஆனால் பொய் சொல்லவும் அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

"மீன் கழுவின தண்ணி, ஐயா. வாழையடிக்கு நடக்க ஏலாமல் போச்சு. போகச் சொன்னால் போறம்."

அவர் தளிரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளே சொன்னாள்: "உது சேம்பில்லை. அந்தூரியம். எங்கடை வேதக்கோயில் பீடத்திலை வைக்கிற பூ."

"ஓம், அந்தூரியம்! எத்தினை தரம் சொன்னவள் மீனாம்பிகை. நான் என்ரை தோட்டத்து வெங்காயத்தைப் பற்றியே கதைச்சுக்கொண்டிருந்திட்டன்." கண் கலங்கிவிட்டது மனுசனுக்கு. எழும்பிப் போகையில், "வெள்ளிக்கிழமையிலை மட்டும் ஊத்தாதை" என்றார்.

அடுத்த கிழமை நேவி சுட்டதில் சிமியோனோடு போன ஒருவன் திரும்பவில்லை. சிமியோன் கடலுக்குப் போவதை விட்டான். பிள்ளைகளுக்குக் கஞ்சிதான்.

"தண்ணி ஊத்தேல்லையோ பிள்ளை?" கொட்டில் வாசலில் பஞ்சலிங்கத்தார்.

"மீனில்லை, ஐயா."

அடுப்பிலிருந்த கஞ்சிப் பானையைப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம், பனையோலைப் பையொன்றைக் கை நீட்டித் தூரப் பிடித்தபடி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"தண்ணி செடிக்கு. மிச்சத்தை நான் என்ன செய்யிறது? பிள்ளையளுக்குக் குடு."

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வாளிவாளியாய்த் தலையில் ஊற்றிக்கொண்டார். யசிந்தா பையைப் பிரித்தாள். ஒரு சாடிக்கு நாலு சூடை கழுவின தண்ணீரே போதும். பைக்குள் அவர்கள் ஐந்துபேரும் வயிறாரத் தின்ன மீன் கிடந்தது.