கண் போன பக்கம்

பொய் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். வாயைத் திறக்க வேண்டியதில்லை. கண் சொல்லும், தோள் சொல்லும், கழுத்து சொல்லும். நான் குவார்ட்டர்பேக், அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிகிறவன். பந்து என் கைக்கு வந்ததும் எதிரணியில் காவல் நிற்கிறவன் எல்லாம் என் மூஞ்சியைத்தான் பார்ப்பான். நான் இடது பக்கம் முறைத்தால் அவனும் இடது பக்கம் சாய்வான். நான் வலது பக்கம் எறிவேன். தோளை மட்டும் ஒரு குலுக்குக் குலுக்கினால், எறிந்துவிட்டேன் என்று நினைத்து ஒருவன் எம்பிக் குதிப்பான். பந்து என் கையிலேயே இருக்கும். பன்னிரண்டு வருஷமாக இப்படி அடுத்தவன் கண்ணில் மண்ணைத் தூவித்தான் வீடு வாசல் என்று இருக்கிறேன். அதற்கு ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. நான் ஏமாற்றத்தான் வந்திருக்கிறேன் என்று ஏமாறுகிறவனுக்கும் தெரியும். அது ஆட்டம்.

இப்போது சொல்லப்போவது அந்தக் கணக்கில் சேராது. சொல்லவே நாக்குக் கூசுகிறது.

என் வேலை பலிக்காத ஒரே ஆள் ஆல்டன் ஆர்சனோ. லூசியானாவில், ஒபலூசஸ் பக்கம் ஒரே தெருவில் வளர்ந்தோம். பள்ளிக்கூட அணியில் நான் எறிகிறவன், பயிற்சியில் எனக்கு எதிரே நின்று தடுக்கிறவன் அவன். "ரெமி, உன் கண்ணு வாயில்லாமலே புளுகுதுடா. ஆனா உன் இடது கால் கட்டைவிரலுக்குப் பொய் சொல்லத் தெரியல" என்பான். நான் எந்தப் பக்கம் எறியப் போகிறேனோ அந்தப் பக்கம் என் கட்டைவிரல் திரும்புமாம். எத்தனையோ நாள் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். எனக்கு ஒரு எழவும் தெரியவில்லை.

பதினாறு வயதில் ஒரு நாள் பயிற்சியில் என் மேல் நாலு தடியன்கள் விழுந்தார்கள். இடது முழங்காலில் 'டப்' என்று ஏதோ அறுந்தது. மேலே கிடந்தவன் ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை; நான் அலறியது அவர்கள் காதில் விழவே இல்லை. என் அம்மா அந்நேரம் கடையில் வேலையில் இருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆல்டனின் அம்மா உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்து, "மிஸ் எர்லின்!" என்று கத்தினேன். ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் வேலை பார்க்கிறவள் அவள். வேலியைத் தாண்டிக் குதித்து வந்து, நாலு பேரையும் காதைப் பிடித்துத் தூக்கிவிட்டு, என்னைத் தன் வண்டியில் போட்டுக்கொண்டு போனாள்.

வண்டியில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆல்டன்தான் அழுதான். "இனிமே நீ எங்கம்மா பேரைக் கத்துனா, நான் எங்க நின்னாலும் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்துடுவேன்டா. சத்தியமா" என்றான். அதற்குப் பிறகு இரண்டு தடவை கத்தினேன். இரண்டு தடவையும் நிஜமான வலி. இரண்டு தடவையும் அவன் வந்தான், மற்றவர்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு.

வளர்ந்து பெரிய ஆட்டத்துக்குப் போனபோது ஆளுக்கொரு அணியில் விழுந்தோம். அவன் சேஃப்டி. எல்லாரையும் தாண்டி வருகிற பந்துக்கு அவன்தான் கடைசிக் கதவு. அந்த இடத்தில் பன்னிரண்டு வருஷம் ஒருத்தன் தாக்குப்பிடிப்பது லேசில்லை. இந்த வருஷம் எங்கள் இரண்டு அணிக்கும் ஆட்டம் வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால் போன் பண்ணினான்.

"டேய், ஞாயித்துக்கிழமை நான் சொதப்புனா அவ்வளவுதான். மூட்டையைக் கட்டிட வேண்டியதுதான். இருபத்திரண்டு வயசுப் பய ஒருத்தன் என் லாக்கரையே பாத்து எச்சில் விட்டுட்டு இருக்கான்."

"அப்போ உன் கையில நேராத் தூக்கிப் போட்டுடவா?"

"அய்ய, பிச்சையா கேட்டேன்? நீ நேர்மையா ஏமாத்து. நான் ஏமாற மாட்டேன்."

நேர்மையாக ஏமாற்று. அவன் கேட்டது அவ்வளவுதான்.

ஆட்டம் எங்கள் மைதானத்தில். முப்பத்தெட்டு விநாடி பாக்கி, நாலு புள்ளி பின்னால் இருக்கிறோம், கோட்டுக்கு முப்பத்தொரு கெஜம். எங்கள் கையில் பந்து இருக்கும்போது எங்கள் ஜனம் மூச்சுவிடாது; நான் கூப்பிடுவது என் ஆட்களுக்குக் கேட்க வேண்டுமே. எழுபதாயிரம் பேர் உட்கார்ந்த இடம், சர்ச் மாதிரி இருந்தது. எனக்கு முன்னால் குனிந்து நின்ற எங்கள் ஆள் பூன் பந்தை என் கைக்குத் தள்ளினான். பின்வாங்கினேன். இடது பக்கம் பார்த்தேன், ஆல்டன் அசையவில்லை. தோளைக் குலுக்கினேன், அசையவில்லை. ஹெல்மெட்டின் முகக்கம்பிக்குள் அவன் பல் தெரிந்தது. சிரிக்கிறான், படுபாவி. என் ஆள் வலது மூலைக்கு ஓடிக்கொண்டிருந்தான், அவன் போகிற வழியிலேயே ஆல்டன் நின்றான்.

அப்போது ஒரு தடியன் என் காலை உரசிக்கொண்டு விழுந்தான். வெறும் உரசல்தான், தோல்கூடச் சிராய்க்கவில்லை. நான் இடது முழங்காலை மடக்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"மிஸ் எர்லின்!"

தெரியாமல் வாயில் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். சீ, அதுவும் பொய். யோசித்தேன். அரை விநாடி எனக்கு நிறைய நேரம், யோசித்துத்தான் கத்தினேன்.

ஆல்டன் என் ஆளை விட்டுவிட்டான். என்னைப் பார்த்து இரண்டடி எடுத்து வைத்தான். மற்றவர்களை நிறுத்துகிற மாதிரி கையைத் தூக்கினான். அந்தக் கைக்கு மேலாகத்தான் நான் பந்தை எறிந்தேன். என் ஆள் கோட்டுக்கு அந்தப் பக்கம் மூலையில் தனியாக நின்று பிடித்தான். ஆறு புள்ளி.

ஜெயித்தோம். பூன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். "யாருடா அது மிஸ் எர்லின்? புது கோட் வேர்டா?"

"ஆமா" என்றேன்.

"எங்ககிட்டகூடச் சொல்லல பாரு, கள்ளா!"

ராத்திரி டிவியில் என் கண்ணைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டுக் காட்டினார்கள். பாருங்கள், கண்ணாலேயே ஆர்சனோவைக் கட்டிப் போட்டுவிட்டான் என்றார்கள். கத்தியது ஒரு மைக்கிலும் விழவில்லை. ஆல்டனும் வந்தான், தலையைக் குனிந்துகொண்டு. "அவன் கண்ணைப் பாத்து ஏமாந்துட்டேன். தப்பு என்னோடது" என்றான். இவன் ஏன் இப்படிச் சொல்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஆடியவன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கண்ணைப் பார்த்து ஏமாந்தால் அவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவன் கோச் கேட்டாராம். செவ்வாய்க்கிழமை ஆல்டனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு எங்களுக்கு ஆட்டம் இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் ஊருக்குப் போனேன். அவனிடம் சொல்லிவிட வேண்டும், பிறகு டிவிக்காரனைக் கூப்பிட்டும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணியிருந்தேன். ஆர்சனோ கண்ணுக்கு மசியவில்லை, நான்தான் கேவலமாக நடந்துகொண்டேன் என்று நான் வாயைத் திறந்தால், வேறு ஏதாவது அணி அவனை எடுத்துக்கொள்ளும். காரில் வரும் வழியெல்லாம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "ஆல்டன், எனக்கு வலிக்கவே இல்லடா. சும்மா கத்துனேன்." பத்து தடவை சொன்னேன். நன்றாகத்தான் வந்தது.

மிஸ் எர்லின் வீட்டு வாசலில் இறங்கினேன். ஆல்டன் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தான்.

"டேய் டேய், படியில ஏறாத! இரு, நான் பிடிச்சுக்கறேன். முட்டி எப்படி இருக்கு?"

நான் நின்றேன்.

"அம்மாவைத் தவிர யார்கிட்டயும் சொல்லல, பயப்படாத" என்று காதோடு சொன்னான். "நீ கத்துனதைச் சொன்னா, உன் முட்டி போச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். அடுத்து ஆடறவன் அங்கயே குறி வச்சு அடிப்பான். அதான் கண்ணுன்னு சொல்லிட்டேன். அந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படிடா எறிஞ்ச? மாடுடா நீ!"

எங்கள் தொழிலில் அடிபட்ட இடத்தை மனைவியிடம்கூட மெதுவாகத்தான் சொல்வோம். என் முழங்காலைக் காப்பாற்ற அவன் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டான். அங்கேயே செத்திருக்கலாம். அவன் என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? நொண்டினேன்.

உள்ளே கம்போ குழம்பு கொதிக்கிற வாசனை. மிஸ் எர்லின் கிண்ணம் நிறைய ஐஸோடு வந்து என் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது; கை மட்டும் இன்னும் வார்டில்தான் இருக்கிறது.

"ஆல்டன், பின்னாடி ஷெட்ல பழைய சாமானுக்குள்ள தேடு. என்னன்னு உனக்குத் தெரியும்" என்று அவனை அனுப்பினாள். பிறகு என்னிடம், "எந்தக் கால்?" என்றாள்.

"இடது. பழையதுதான்."

பேன்ட்டை மேலே சுருட்டினாள். புறங்கையை முட்டி மேல் வைத்துச் சூடு பார்த்தாள். இரண்டு கட்டைவிரலையும் வைத்துக்கொண்டு முட்டியின் உள்பக்கத்தையே குனிந்து பார்த்தாள்.

"இங்கதான ராசா? இந்த இடம்தான? அழுத்தறேன், பொறுத்துக்க."

"ஆ!" என்று துள்ளினேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்து பார்த்தேன். அவள் விரல் உள்பக்கத்தில் இல்லை, வெளிப்பக்கத்தில் இருந்தது. அழுத்தக்கூட இல்லை, சும்மா வைத்திருந்தாள். கண் போன பக்கம் நான் போயிருந்தேன்.

எழுந்து போய் ஐஸ் முழுவதையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"அடுத்த தடவை விழறதுன்னா, உங்கம்மா பேரைச் சொல்லிட்டு விழு."

"மிஸ் எர்லின், நான் சொல்லத்தான் வந்தேன்..."

"எங்கிட்ட எதுக்கு? அவன்கிட்ட சொல்லு. அவன் நல்லா ஆடினவன்டா. உன் முட்டிக்கு என்னாச்சோன்னு நாலு நாளா அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பாக்கறான். அவன் சோறு தின்னு நாலு நாளாச்சு."

பின்கதவு திறந்தது. ஆல்டன் தூசியும் ஒட்டடையுமாக உள்ளே வந்தான். கையில் இரண்டு ஊன்றுகோல், அந்தப் பதினாறு வயதில் நான் மூன்று மாசம் வைத்து நடந்தவை.

"அம்மா தூக்கிப் போடவே இல்ல, பாத்தியா! உன் பேர்கூட அப்படியே இருக்கு." சட்டையாலேயே துடைத்தான். குழந்தை மாதிரி முகமெல்லாம் சந்தோஷம். "ஐஸ் வைக்கலையா?"

"வேணாமாம்" என்றாள் மிஸ் எர்லின். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "ரெமி உங்கிட்ட ஏதோ சொல்லணுமாம்."

"என்னடா?"

அவன் என் முன்னால் மண்டி போட்டு, ஊன்றுகோலின் உயரத்தைச் சரி பண்ணிக்கொண்டே அண்ணாந்து பார்த்தான். மைதானத்தில் அந்த முகத்தைப் பன்னிரண்டு வருஷமாக நான் கம்பிக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறேன். அடுப்பில் கம்போ கொதிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அரை விநாடி போதும். அவர்கள் எனக்கு அதைவிட எவ்வளவோ கொடுத்தார்கள்.

"ரொம்ப தேங்க்ஸ்டா" என்றேன்.

"போடா லூசு" என்று சிரித்து, ஊன்றுகோலை நீட்டினான்.

வாங்கிக்கொண்டேன். அக்குளில் வைத்து, இடது காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, கார் வரைக்கும் போனேன். ஆல்டன் முன்னால் ஓடிக் கதவைத் திறந்துவிட்டான்.