மூன்று தரம் கழுவிய கட்டி

நான் பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டு வந்தவன். கல்முனையில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் கடற்கரை மணலைக் குழாய்த் துண்டில் நிரப்பி, பக்டீரியாவையும் வயலுக்கு வாங்கிய யூரியாவையும் கல்சியம் கரைசலையும் ஊற்றுவேன். பக்டீரியா சுண்ணாம்பை உண்டாக்கி மணலை ஒட்டிக் கல்போன்ற கட்டியாக்க வேண்டும். நான்கு கட்டிகள் தண்ணீர் பட்டதும் கரைந்துபோயின. ஐந்தாவதும் கரைந்தால் இந்த முயற்சியை விட்டுவிடுவதென்று முடிவு செய்திருந்தேன்.

காலையில் வீட்டுக்கு வந்தபோது, அறையில் இருந்த ஐந்தாவது கட்டி கிணற்றடியில் கிடந்தது. உம்மா அதை விளக்குமாற்றால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“தொழுற ஊட்டுக்குள்ள மூத்திர நாத்தம். குழாயக் கழட்டி மூணு தரம் கழுவிட்டன்.”

யூரியா உடையும்போது வரும் அமோனியா நாற்றம் அது.

“கரையல்லயா உம்மா?”

“கல்லு எங்க மகன் கரையிற?”

அதன்மேல் ஏறி நின்றேன். நான் எழுபத்திரண்டு கிலோ. ஒரு பொட்டு மணலும் உதிரவில்லை.

“இதுக்கா கம்பஸ உட்டுட்டு வந்தாய்?”

உம்மா மூன்று வருடமாகக் கேட்கும் கேள்வி. முதல்முறையாகத் தலை குனியாமல் “ஓம், இதுக்குத்தான்” என்றேன்.