31507-இன் முதல் ஐந்து இலக்கங்கள்

எங்கள் கூடத்தில் எண்பது பேர் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஒன்றை வகுத்துக்கொண்டிருந்தோம். ஒன்றை இரண்டால், ஒன்றை மூன்றால், அப்படியே லட்சம் வரை. நியூயார்க்கில் வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த நிவாரண வேலை அது. புள்ளிக்குப் பின்னால் வரும் பூஜ்யங்களை விட்டுவிட்டு முதல் ஐந்து இலக்கங்களை மட்டும், கடைசியை முழுமைப்படுத்தி, தாளில் எழுத வேண்டும். அதே எண்களைக் கூடத்தின் மறுகோடியில் இன்னொருவர் தனியாகப் போடுவார். யாருடையதை யார் போடுகிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு தாள்களும் என்னிடம் வரும். ஒத்துப்போனால் டிக் போட்டு அச்சுக்கு அனுப்புவேன். ஒத்துப்போகாவிட்டால் மட்டும் என் மேஜையிலிருந்த கணக்கு இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்பேன்.

1939 மார்ச் பத்தாம் தேதி மாரிஷ்கா தன் தாளை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள்.

"மிஸஸ் டூலன், இந்த வரியப் பாருங்க."

31507. நேரே 31739.

"சரியாத்தானே இருக்கு?"

"31507 எங்க டிபோரோட அட்டை நம்பர். ஆஸ்பத்திரியில கழுத்துல மாட்டியிருக்காங்க."

டிபோர் அவள் தம்பி. இருபத்தொரு வயது, காசநோய். விலா எலும்புகளை எடுத்து நுரையீரலை அமுக்கினால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் கோடையைப் பார்க்க மாட்டான் என்று டாக்டர் எழுதியிருந்தார். பதினேழாம் தேதி அறுவை. அக்காவின் கையெழுத்து வேண்டும்.

"3, 17, 39," என்றாள் அவள். மாதம், நாள், வருஷம். "அன்னிக்குத்தான் அவன் முடிவு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"பைத்தியமாடி உனக்கு? எந்தத் தேதிய வேணாலும் சொல்லு, இந்தப் பட்டியல்ல எங்கயாவது காட்டுறேன். என் கல்யாணத் தேதிகூட இருக்கும்."

"இருக்கும். ஆனா அதுக்கு நேரா இருக்கற நம்பர் யார் கழுத்துலயும் தொங்கலயே."

கைப்பிடியைச் சுற்றினேன். 31738978 என்று வந்தது. ஆறாவது இலக்கம் 9, அதனால் ஐந்தாவதை ஒன்று கூட்டினால் 31739 தான். அதை அவளுக்குக் காட்டாமல் கலைத்துவிட்டு, ரப்பரை எடுத்தேன்.

"இடம் மாத்தி எழுதிட்ட. 39 இல்ல, 93."

எங்கள் தொழிலில் தினமும் நடக்கும் தப்பு அது. 31793 என்று எழுதினேன்.

மேல் வரியில் 31740 இருந்தது. கீழ் வரியில் 31738. வரிக்கு ஒன்றாக இறங்கும் படிக்கட்டில் இப்படி ஒன்று வர முடியாது என்று நேற்று சேர்ந்தவனுக்கும் தெரியும். மாரிஷ்கா மூன்று வரிகளையும் வெகுநேரம் பார்த்தாள்.

"1993-ல அவனுக்கு எழுபத்தஞ்சு வயசு," என்றாள். பிறகு மெதுவாக, "டிக் போடுவீங்களா?"

"போடுறேன்."

அன்று மதியமே கையெழுத்திட்ட காகிதத்தைத் தபாலில் சேர்த்தாள். எனக்குக் கவலையில்லை. மறுகோடித் தாள் சரியான எண்ணோடு வரும்போது, டிபோர் பிழைத்த பிறகு, சத்தமில்லாமல் திருத்திவிடலாம்.

பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, எங்கள் ஐரிஷ்காரர்களின் செயின்ட் பேட்ரிக் திருநாள் ஊர்வலத்தின் மேளம் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு மறுகோடியில் கணக்குப் போடும் எல்மர் ஸ்டோவால் தன் தாள்கட்டைக் கொண்டுவந்து போட்டான்.

"அயர்லாந்தே தெருவுல ஆடுது, நீங்க இங்க குந்திக்கிட்டிருக்கீங்க."

"நான் ஆடப் போயிட்டா உன் தப்பையெல்லாம் எவன் பாக்குறது?"

கட்டைப் பிரித்தேன். 31506, நேரே 31740. 31507, நேரே 31793. 31508, நேரே 31738.

தாளின் மூலையில் அவன் போட்டு முடித்த தேதியின் முத்திரை: மார்ச் 3. நான் ரப்பரை எடுத்ததற்கு ஒரு வாரம் முன்பு.

"எல்மர், இந்த வரி..."

"ஏன், தப்பா?"

"தெரியல."

"உங்களுக்கே தெரியலன்னா ஊருல எவனுக்கும் தெரியாது," என்று சிரித்துக்கொண்டே போனான். மாரிஷ்காவின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது.

கைப்பிடியைச் சுற்றினேன். பழைய விடைதான். கலைத்துவிட்டு மறுபடி சுற்றினேன். அதேதான். இயந்திரம் ஒன்று சொன்னது. இரண்டு தாள்கள், இரண்டு பேர் பென்சில், வேறொன்றைச் சொன்னன. பத்து மணிக்கே டிபோரை அறுவை மேஜையில் கிடத்தியிருப்பார்கள். கூடத்தில் எல்லோரும் குனிந்திருக்க, மாரிஷ்கா மட்டும் மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் டெலிபோனைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையில் ரப்பர் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். ஒத்துப்போனால் டிக், அதுதான் விதி. இரண்டு தாள்களிலும் போட்டு அச்சுக்கட்டில் சேர்த்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு மாரிஷ்காவை டெலிபோனுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணத் தொறந்துட்டானாம். தண்ணி கேட்டானாம்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லிட்டிருந்தது. மேளம் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அந்தத் தாள் அச்சுக்குப் போயிருச்சா?"

"போயிருச்சு."

"யாரும் திருத்திட மாட்டாங்களே?"

அச்சுக்கூடத்தில் கடைசியாக ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்துப் பார்ப்பவர் ஒருவர் உண்டு. நல்ல கண் அவருக்கு.

"மாட்டாங்க," என்றேன்.