கொள்ளாம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பொன்மணியின் வாய் எட்டூருக்குக் கேட்கும். மலையாளம்தான் அதில் ஒரு சொல் கிடையாது. சங்கரன்கோவிலிலிருந்து வந்து கட்டட வேலையில் செங்கல் சுமந்தவள், கழுத்துவலி தாங்காமல் மட்டாஞ்சேரி மெத்தைக் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தாள்.

“இங்க சம்பளம்னு ஒண்ணும் கிடையாது, கேட்டியா. வித்தா கமிஷன், விக்கலேன்னா சாயா மாத்திரம்” என்று அன்றே சொல்லிவிட்டார் முதலாளி நீலகண்டன். இன்றுவரை அவள் கண்டது சாயாதான். இந்தச் சனிக்கிழமைக்குள் ஒரு மெத்தையாவது போகாவிட்டால் திங்கள்கிழமை வர வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று. மறுபடி செங்கலா? நினைத்தாலே கழுத்து வலித்தது.

சனிக்கிழமை மத்தியானம், நீலகண்டன் சாப்பிடப் போயிருந்த நேரம், பள்ளுருத்தியிலிருந்து மெத்தை பார்க்க மாதுரி சேச்சி கணவரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். இலவம்பஞ்சு மெத்தை ஒன்றில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார். “கொள்ளாம்” என்றார்.

பெண் கொடுப்பது, பெண் கொள்வது என்று கேட்டு வளர்ந்த காது பொன்மணிக்கு. கொள்ளாம் என்றால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதானே அர்த்தம்? சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர்கள் தலையணை பார்க்க நகர்ந்ததுதான் தாமதம், மெத்தையைச் சுருட்டி, வெளியே நின்ற அதே ஆட்டோவின் மேல் ஏற்றிக் கயிறும் கட்டிவிட்டாள்.

“இது எந்தா?” என்றார் வெளியே வந்த கணவர்.

“நீங்க வாங்குன மெத்தைதான் அண்ணாச்சி. அக்கா கொள்ளாம்னு சொன்னாகளே.”

ஈரக்கையோடு வந்து சேர்ந்த நீலகண்டன் தலையில் அடித்துக்கொண்டார். “கொள்ளாம்னா நன்னாயிருக்குன்னு அர்த்தம், பொன்மணி. வாங்கறேன்னு இல்லே.”

அவளுக்கு அழுகை முட்டியது. கயிற்றை அவிழ்க்கப் போனாள்.

“தொடாதே மோளே” என்றார் மாதுரி சேச்சி. பக்கத்து வீட்டுத் தமிழர்களோடு பழகி அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். “கல்யாணம் கழிஞ்ச நாள் முதல் எல்லாக் கடையிலும் கொள்ளாம்னு சொல்றேன். இவர் காதுல ஒருதரம்கூட விழல. உன் காதுலயாவது விழுந்துச்சே.”

ஆட்டோக்காரர் சத்தமாகச் சிரித்தார். கணவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பர்ஸை எடுத்தார்.

ஆட்டோ போனதும் நீலகண்டனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. “திங்கக்கிழமை வரச்சே கொஞ்சம் மலையாளம் படிச்சுண்டு வா.”

“படிக்கேன் முதலாளி. இந்த ஒரு வார்த்தைய மட்டும் படிக்க மாட்டேன்” என்றாள் பொன்மணி.