ஐந்து மணி நாற்பத்தைந்து நிமிடம்

அந்தத் தொலைபேசி அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது என்பது எனக்குச் சரியாக நினைவில் இல்லை. நினைவிருப்பதாக நம்பிக்கொண்டிருந்த வருடங்களும் உண்டு. இப்போது அந்த நம்பிக்கையும் போய்விட்டது.

மற்றதெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. அண்ணன் ஓட்டி வந்த நிலக்கரி வண்டி காலை பத்து இருபதுக்கு என் ஸ்டேஷனின் லூப் லைனுக்குள் வந்து நின்றது. மாலை நான்கு ஐந்துக்குக் கிளம்பியது. இரண்டு நேரங்களையும் என் கையால்தான் எழுதியிருக்கிறேன். வீட்டிலிருந்து மனைவி போன் செய்த நேரத்தை எழுத மட்டும் அதில் கட்டம் கிடையாது.

லூப் லைன் என்பது மெயின் லைனிலிருந்து பிரிந்து, கொஞ்ச தூரம் ஒட்டியே போய், மறுபடி அதிலேயே சேரும் தண்டவாளம். எங்கள் பாதையில் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி எல்லாம் ஒரே தண்டவாளத்தில்தான் ஓடியாக வேண்டும். எக்ஸ்பிரஸ் வருகிறது என்றால் சரக்கு வண்டி லூப்பில் ஒதுங்கி நிற்கும். ஒதுங்கிய வண்டியை மறுபடி உள்ளே நுழைப்பதுதான் பெரும்பாடு. ஒன்று போனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். ஸ்டேஷன் மாஸ்டராக நான் பார்த்த வேலையில் பாதி, நிற்கிறவர்களை இன்னும் கொஞ்சம் நிற்கச் சொல்வதுதான்.

ஸ்டேஷன் என்றால் ஓர் அறை. சிக்னல் பேனல், இரண்டு நாற்காலி, ஒரு மேசை, லூப் லைனைப் பார்த்த ஜன்னல். பக்கத்து வீடுகள் மூன்று கிலோமீட்டர் தள்ளி. ஒரு நாளைக்கு இரண்டு பாசஞ்சர் வண்டிகள் மட்டும் நிற்கும். சில நாட்களில் அதிலிருந்தும் யாரும் இறங்க மாட்டார்கள்.

அன்று மனைவி போனில் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "அத்தைக்கு மூச்சு வாங்குது. டாக்டர் எல்லாரையும் வரச் சொல்லிட்டாரு. பெரியவருக்கும் சொல்லிடுங்க."

பெரியவர் என்றால் என் அண்ணன். அவன் அப்போது ஜன்னலுக்கு வெளியே நின்ற அந்த வண்டியின் எஞ்சினில் இருந்தான். வேலை நேரத்தில் எஞ்சின் ஓட்டுகிறவர்கள் கைபேசியை அணைத்து வைக்க வேண்டும். அவனிடம் சொல்ல என்னால் மட்டும்தான் முடியும். வாக்கிடாக்கியை எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். பிறகு ஒன்றும் பேசாமல் விட்டுவிட்டேன்.

ஏன் என்று இத்தனை வருடமாகக் கேட்டுப் பார்க்கிறேன். அம்மா அதற்கு முன் இரண்டு தடவை இதேபோல் ஆகித் தேறியிருந்தாள். அது ஒரு காரணம். இன்னொன்றைச் சொல்ல நா கூசுகிறது. அவன் இறங்கிப் போய்விட்டால் மாற்று ஆள் வரும்வரை வண்டி என் லூப்பை அடைத்துக்கொண்டு நிற்கும். வண்டிகளை இயக்கும் கண்ட்ரோல் அறையிலிருந்து என்னை வறுத்தெடுப்பார்கள். அந்தப் பயம்தான் முதலில் வந்தது. அம்மா அதற்குப் பிறகுதான்.

இரண்டரை மணிக்கு எதிர்த்திசையில் ஒரு பாசஞ்சர் எங்கள் ஸ்டேஷனில் நிற்கும். உதவி ஓட்டுநரை எஞ்சினில் உட்காரவைத்துவிட்டு அண்ணன் அதில் ஏறியிருந்தால் ஐந்து மணிக்கு அம்மாவின் கட்டில் பக்கத்தில் இருந்திருப்பான். நான் ஆறு மணிக்கு வேலை முடிந்து கிளம்பி எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அம்மா ஒன்பது மணிக்குப் போனாள். ஐந்திலிருந்து ஏழு வரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாளாம். அண்ணன் தன் வண்டியைக் கொண்டுபோய் விட்டு, கைபேசியைத் திறந்து பார்த்தபோது மணி பத்தரை.

எல்லாம் முடிந்த பிறகு அவன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நான் உன் லூப்ல நின்னப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ கிளம்பின பிறகுதான் போன் வந்துச்சு" என்றேன்.

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

ஆனால் வண்டி நிற்காமல் இல்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது அண்ணனின் வண்டி என் லூப்பில் வந்து மாட்டும். நான் வாக்கிடாக்கியில் "லூப்ல எடுத்திருக்கேன், நில்லுங்க" என்பேன். "நிக்கிறேன் மாஸ்டர்" என்பான். பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று பேசிக்கொண்டவர்கள். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம், அரை கிலோமீட்டர் தள்ளி அவன் உட்கார்ந்திருப்பான். எஞ்சினை விட்டு வரக் கூடாது என்பது அவனுக்கு விதி. பேனலை விட்டு நகரக் கூடாது என்பது எனக்கு. இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

வண்டியின் கார்டு மட்டும் வருவார். எப்போதும் வண்டியின் கோடியில் இருப்பதால் அவருக்குக் கடைசிப்பெட்டி என்று பெயர். அவரே வைத்துக்கொண்டது. அவருடைய பெட்டி என் அறைக்கு எதிரே வந்து நிற்கும். பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

"எக்ஸ்பிரஸ் எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாஸ்டர். நாம பொண்ணு வீடு. கையக் கட்டிக்கிட்டு ஓரமா நிக்கணும்" என்பார். நான் சிரிக்காவிட்டாலும் கவலைப்பட மாட்டார். ஒரு நாள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "அண்ணன் அந்தக் கோடி, தம்பி இந்தக் கோடி. நடுவுல நாப்பத்தஞ்சு வேகன் நிலக்கரி. யாராவது நெருப்பு வெச்சாலாவது குளிர் காயலாம்."

அம்மா இறந்த மூன்றாவது வருடம் சரக்கு வண்டிகளுக்கென்று தனிப் பாதை போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒரு பெண் இன்ஜினியர் கணக்கெடுக்க வந்தார். எந்த வண்டி எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டுமாம். பழைய பதிவேடுகளைக் கேட்டார். தூசி தட்டி எடுத்துக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் அம்மா போன நாளின் வரியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"சார், இது எழுத்துப் பிழையா? அஞ்சு மணி நாப்பத்தஞ்சு நிமிஷம்னு வருது."

"பிழை இல்லம்மா. நின்னுது."

"அவ்வளவு நேரமும் லைன் கிடைக்கலையா?"

"கிடைக்கல."

"அந்த டிரைவர் பாவம்" என்றபடி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். "இந்த ஒரு நாளைக் காட்டினாப் போதும் சார். புதுப் பாதை ஏன் வேணும்னு யாரும் கேக்க மாட்டாங்க."

ஆறு மாதம் கழித்து, புதிய பாதையைப் பற்றி ரயில்வே அச்சிட்ட ஒரு சிறு புத்தகம் வந்தது. எட்டாம் பக்கத்தில் அந்தப் பதிவேட்டுப் பக்கம் என் கையெழுத்திலேயே அச்சாகியிருந்தது. அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

பிறகு ஜன்னலுக்கு அப்பால், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் மண்மேடு எழும்ப ஆரம்பித்தது. முதலில் லாரிகள் வந்தன. பிறகு சின்னச் சின்னப் பாலங்கள், கம்பங்கள், கம்பிகள். அந்தப் பாதையில் லூப்பில் காத்திருக்கிற பேச்சே இருக்காது என்றார்கள். மேடு உயர உயர எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகிக்கொண்டு வந்தது. அது திறக்கும்வரைதான் அண்ணன் என் ஜன்னலுக்கு வெளியே நிற்பான். சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் மனைவியிடம் கேட்டேன். "அன்னிக்கு நீ எனக்கு போன் பண்ணினது எப்ப?"

"மத்தியானம்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவள் யோசித்தாள். "அன்னிக்கு நான் சாப்பிடவே இல்லையே" என்றாள்.

எனக்கு ஒரு சத்தம் நினைவிருக்கிறது. ரிசீவர் காதில் இருக்கும்போது மெயின் லைனில் ஒரு வண்டி பிரேக் போட்டது. அது இரண்டரை பாசஞ்சராக இருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் எந்த நேரமும் ஏதாவது ஒரு வண்டி பிரேக் போட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சத்தத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஏழாவது வருடம் உத்தரவு வந்தது. ஒன்றாம் தேதி முதல் சரக்கு வண்டிகள் அனைத்தும் புதிய பாதையில். அதற்கு இரண்டு நாள் முன்பு, காலை பதினொரு மணிக்கு, அண்ணனின் வண்டி வந்து லூப்பில் நின்றது. இரண்டு எக்ஸ்பிரஸ்கள் போக வேண்டும். ஐம்பது நிமிடத்தில் இரண்டும் போய்விட்டன. அடுத்த ஸ்டேஷன் வழி கொடுத்துவிட்டது. பேனலில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அண்ணன் போய்விடுவான். நான் அழுத்தவில்லை.

கடைசிப்பெட்டி என்னைப் பார்த்தார். பேனலைப் பார்த்தார். பிளாஸ்கை மூடினார்.

"போயிட்டு வாங்க மாஸ்டர். கண்ட்ரோல் கேட்டா வயித்துக் கடுப்புன்னு சொல்றேன். அதைப் போய் யாரும் சரிபார்க்க மாட்டாங்க."

ஜல்லிக் கற்களின் மேல் நடந்தேன். ஒரு பக்கம் வேகன்கள் சுவர்போல் நின்றன. இருபது வேகன் வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். சொல்ல வேண்டியதை வாக்கியமாகக் கோத்து வைத்திருந்தேன். எஞ்சினை அடைந்தபோது அதில் ஒரு வார்த்தைகூட மிஞ்சவில்லை.

அண்ணன் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக் கீழே பார்த்தான். ஏழு வருடமாக அவன் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. தாடை அப்படியே அம்மாவுடையதாகியிருந்தது. உதவி ஓட்டுநர் சக்கரங்களைப் பார்க்கப் போகிறவர்போல் மறுபக்கம் இறங்கிக்கொண்டார்.

"என்ன மாஸ்டர், சிக்னல் கோளாறா?"

"இல்ல. அண்ணா, அன்னிக்கு போன் வந்தப்ப நீ இங்கதான் நின்னுட்டிருந்தே. எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல."

எஞ்சின் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. தூரத்து மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பிப் போகச் சொல்கிறானோ என்றுகூட நினைத்தேன்.

"எத்தனை மணிக்கு?" என்றான்.

நான் எஞ்சினின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டரை பாசஞ்சருக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அப்போதுதான் புரிந்தது. நான் சொன்ன பொய்யை அவன் ஒரு நாளும் நம்பியிருக்கவில்லை. ஏழு வருடமும் அந்த பாசஞ்சரைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். 'பின்னாடிதான்' என்று சொன்னால் ஒருவேளை அவனுக்கு ஆறுதலாக இருக்கும். 'முன்னாடி' என்றால் திட்டித் தீர்க்கவாவது ஒரு வழி இருக்கும். இரண்டும் வாய் வரை வந்தன.

"தெரியல."

"தெரியலன்னா?"

"ஞாபகம் இல்ல அண்ணா. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன்."

"அன்னிக்குக் கேட்டேன், தெரியாதுன்னே. இன்னிக்கும் அதையே சொல்றே. இதுக்கு எதுக்குடா இவ்வளவு தூரம் நடந்து வந்தே?"

என்னை 'டா' என்று கூப்பிட்டிருந்தான். இன்னும் ஏதாவது சொல்வான் என்று அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். அவன் முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"போ. பேனல்ல ஆள் இல்ல."

திரும்பி வரும்போது தூரம் இன்னும் அதிகமாக இருந்தது. பொத்தானை அழுத்தினேன். எஞ்சினிலிருந்து ஒரே ஒரு நீண்ட ஒலி வந்தது. கிளம்பும் எந்த வண்டியும் கொடுப்பதுதான். வேகன்கள் ஒன்றையொன்று இழுத்து அசையத் தொடங்கின. கடைசிப்பெட்டி தன் பெட்டிக்கு ஓடி ஏறி, நாட்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தினார்.

"இருபத்தாறு நிமிஷம் கூடுதல் மாஸ்டர். காரணம் என்னன்னு எழுதட்டும்?"

அவர் என் பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டுப் பச்சைக் கொடியைக் காட்டினார்.

ஒன்றாம் தேதி புதிய பாதை திறந்தது. சரக்கு வண்டிகள் அதற்குப் பிறகு என் ஸ்டேஷனில் நின்றதில்லை. எக்ஸ்பிரஸ்கள் நேரத்துக்குப் போகின்றன. அந்தப் பெண் இன்ஜினியர் வேறு பாதை போட வேறு ஊருக்குப் போய்விட்டார். கடைசிப்பெட்டி ஓய்வுபெற்ற மறு வருடம் மாரடைப்பில் இறந்தார். அண்ணன் புதிய பாதையில் நான்கு வருடம் வண்டி ஓட்டினான். அவன் எஞ்சின் எது என்று அவ்வளவு தூரத்திலிருந்து எனக்குத் தெரிந்ததில்லை. இப்போது மகள் வீட்டில் இருக்கிறான். அண்ணி எப்போதாவது போன் செய்வாள், என் மனைவியோடு பேசிவிட்டு வைத்துவிடுவாள். என் லூப் லைனைப் போன வருடம் பெயர்த்து எடுத்துப் போனார்கள். எனக்கு இன்னும் எட்டு மாதம் வேலை இருக்கிறது. அண்ணனும் நானும் பேசிக்கொள்வதில்லை.